தணிகையடிவாரத்தின் தனிவழிப் பயணி

அயல்நாடு சென்று புகழ் பெற்றவர்களின் வரலாற்றை எழுதும்போது நாம் பெரும்பாலும் மேடைகளையே எண்ணுகிறோம். கரவொலி எழுந்த அரங்கம், மாலை சூட்டிய கூட்டம், நாளேடுகள் வெளியிட்ட நிழற்படம் ஆகியவையே நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த மனிதர் அயல்மண்ணில் கழித்த நாள்களைக் கூட்டிப் பார்த்தால், மேடையில் நின்ற நேரம் மிகச் சிறிது. எஞ்சிய காலமெல்லாம் ஓர் அறை, ஒரு கட்டில், சில நூல்கள், ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கான காத்திருப்பு. கூட்டத்தில் கூச்சமும் தனிமையில் நிறைவும் கொள்ளும் இயல்பினருக்கோ அந்த அறையே உலகம். அந்த அறையில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான், அவர் மேடையில் என்ன பேசினார் என்பதை முடிவு செய்கிறது.

இவ்வாறு வாழ்ந்த ஒருவரைத் தந்த ஊர் திருத்தணி. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அங்கே பிறந்தவராகக் குறிக்கப்படும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவராகவும், ஆசிரியர் நாளுக்கு உரியவராகவும் நம் எல்லாருக்கும் அறிமுகமானவர். அந்த அறிமுகத்திற்கு அப்பால், அயல்நாட்டில் தனித்து வாழக் கற்றுக்கொண்ட ஓர் உள்ளொடுங்கிய மனிதராக அவரை நாம் இங்கே காண விழைகிறோம்.

எல்லையில் பிறந்தவர்

திருத்தணி இரு மொழிகள் சந்திக்கும் ஊர். முருகன் போர் முடித்துச் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலால் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆண்டின் நாள்களைக் குறிப்பன போல மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளின் ஓசையில் ஊரே அதிரும். மற்ற நாள்களில் அதே படிகளில் தனியாக ஏறுபவர்களை நாம் காணலாம். வடநாட்டில் காசியில் பல ஆண்டுகள் குருவுடன் தங்கிப் பின் தெற்கே திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர், தம் முதல் கீர்த்தனையை இம்மலையில்தான் பாடினார் என்பது இசை மரபு. தனிவழிப் பயணிகள் இம்மலைக்குப் புதியவர் அல்லர்.

ராதாகிருஷ்ணனின் முன்னோர் நெல்லூர்ப் பகுதியிலுள்ள சர்வபள்ளி என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோயிலில் வடமொழி, பள்ளியில் ஆங்கிலம். அவர் பிறந்தபோது ஊர் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டத்தோடு ஆந்திரத்திற்குச் சென்றது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அது சென்னை மாநிலத்திற்குத் திரும்பி வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிலங்கள்தாம் அதன்மீது கடந்து சென்றன. அந்நாளில் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தவர் அவ்வூரின் மைந்தரே என்பதை எண்ணும்போது, 'என் ஊர்' என்னும் சொல் எத்தகையது என்று நாம் வியக்கிறோம். எல்லையில் பிறந்தவருக்கு எந்த ஊரும் முற்றிலும் சொந்தமும் அன்று, முற்றிலும் அயலும் அன்று.

மறைபரப்புப் பள்ளிகளில்

அவருடைய கல்வி கிறிஸ்தவ நிறுவனங்களில் நிகழ்ந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்க செய்தி. 1896-இல் திருப்பதியிலுள்ள லூத்தரன் மறைபரப்புப் பள்ளி. பின்னர் வேலூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஊரிஸ் கல்லூரி. இறுதியில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. எட்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுவன் தன் சொந்த நாட்டுக்குள்ளேயே தனிப் பயணியாகிவிட்டான். மெய்யியல் பாடத்தை அவர் தேர்ந்ததும் தற்செயலே. பட்டப்படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய பாடநூல்களைக் கொடுத்தார். புதிய நூல் வாங்க வசதியற்ற மாணவருக்கு அதுவே வழியாயிற்று.

தாம் இளமை முதலே கூச்சமும் தனிமை நாட்டமும் உடையவர் என்பதை, 1937-இல் வெளிவந்த தன்வரலாற்றுக் கட்டுரையில் அவரே குறித்துள்ளார். நூல்களே அவருக்குத் தோழர்கள். அந்தத் தனிமையில் ஒரு காயமும் இருந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் தம் முன்னோரின் சமயத்தைப் பற்றிக் கேட்ட கடும் விமரிசனங்கள் அவரைப் புண்படுத்தின. அவர் அதற்குக் கூச்சலிட்டு மறுமொழி கூறவில்லை. அறைக்குத் திரும்பி நூல்களைத் திறந்தார். இந்து சமயத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டிற்கு விடையாக, வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றித் தம் முதுகலை ஆய்வேட்டை 1908-இல் எழுதினார். அந்த ஏட்டைப் படித்துப் பாராட்டியவர், அவருடைய கிறிஸ்தவ ஆசிரியரான ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர்.

இங்கே இரண்டு உண்மைகளையும் நாம் ஏற்றாக வேண்டும். அன்பின்றிச் சொல்லப்பட்ட சமய விமரிசனம் ஓர் இளைஞரின் மனத்தைக் காயப்படுத்தியது. நேர்மையுள்ள ஓர் ஆசிரியரின் பாராட்டு அதே மனத்தை வளர்த்தது. இரண்டும் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தன.

முதற் கடற்பயணம்

சென்னை மாநிலக் கல்லூரியிலும், 1918 முதல் மைசூரிலும், 1921 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் அவர் பணியாற்றினார். 1926-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராளராக முதன்முறை கடல் கடந்தார். பிரித்தானியப் பேரரசின் பல்கலைக்கழக மாநாடு, ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகள், சிகாகோவில் ஹாஸ்கல் சொற்பொழிவுகள், ஹார்வர்டில் செப்டம்பரில் உலக மெய்யியல் மாநாடு என்று ஒரே ஆண்டில் இரு கண்டங்களை அவர் சுற்றினார். ஆக்ஸ்போர்டு உரைகள் 1927-இல் 'இந்து வாழ்க்கை நோக்கு' என்னும் பொருள்படும் நூலாக வெளிவந்தன.

இன்று எட்டுப் பத்து மணி நேரத்தில் முடியும் அப்பயணம் அன்று வாரக்கணக்கில் நீண்டது. ஊர்க் கடிதங்களும் கப்பலில்தான் வந்தன. வாரம் ஒருமுறை வரும் அஞ்சல் கப்பலுக்காக இங்கிலாந்திலிருந்த இந்தியர் காத்திருப்பர். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற கடிதம் கைக்குக் கிடைக்கும்போது, காய்ச்சல் நீங்கிப் பல நாள்கள் ஆகியிருக்கும். அல்லது வேறு ஏதேனும் நேர்ந்திருக்கும். 1929 மார்ச்சில் இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே வானஞ்சல் தொடங்கிய பின்னரே இந்த இடைவெளி குறையத் தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் ராதாகிருஷ்ணன் மான்செஸ்டர் கல்லூரியில் ஆசிரியப் பணிக்காக இரண்டாம் முறை ஆக்ஸ்போர்டு சென்றார். அக்காலத்தில் அவர் நிகழ்த்திய ஹிபர்ட் சொற்பொழிவுகள் 1932-இல் நூலாயின.

அன்றாட வாழ்வில் அவர் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை. தலைப்பாகை, நீண்ட மேலங்கி, புலால் மறுத்த உணவு ஆகியவை ஆக்ஸ்போர்டிலும் தொடர்ந்தன. கட்டிலில் சாய்ந்தவாறே படிப்பதும் எழுதுவதும் அவருக்கு வாழ்நாள் வழக்கம். பிற்காலத்தில் உயர்ந்த பதவிகளில் இருந்தபோதும் நூல்களும் தாள்களும் சூழ்ந்த கட்டிலே அவருடைய எழுத்து மேசை. காண வந்தவர்களையும் பலமுறை அங்கிருந்தே வரவேற்றார். இதைச் சோம்பல் என்று எண்ணியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கட்டிலிலிருந்து வெளிவந்த நூல்களின் வரிசையைப் பார்த்தால், அது சோம்பலின் இடம் அன்று, உழைப்பின் இடம் என்பது விளங்கும்.

அனைத்து ஆன்மாக்களின் கல்லூரி

1936-இல் ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறநெறிக்குமென ஸ்பால்டிங் என்னும் கொடையாளரின் பொருளுதவியால் ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதன் முதற் பேராசிரியர் ராதாகிருஷ்ணன். அப்பதவியோடு அவர் சேர்ந்த கல்லூரியின் பெயர் 'அனைத்து ஆன்மாக்கள்'. கத்தோலிக்கராகிய நமக்கு அப்பெயரின் பொருளைச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்து உரோமையுடன் ஒன்றித்திருந்த காலத்தில், 1438-இல், மன்னர் ஆறாம் ஹென்றியும் கான்டர்பரிப் பேராயர் சிச்சலியும் அதை நிறுவினர். பிரெஞ்சுப் போர்களில் மாண்டவர்களுக்காகவும் இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் செபிப்பது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. பிற்காலத்தில் அது இளநிலை மாணவரே இல்லாத, அறிஞர் சிலர் மட்டும் வாழும் அமைதியான ஆய்வுக் கல்லூரியாக நிலைத்தது.

கூச்ச இயல்புடைய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான குடியிருப்பை நாம் கற்பனை செய்ய இயலாது. பெருங்கூட்டம் இல்லை, ஆயினும் முற்றிலும் தனிமையும் இல்லை. ஒரே மேசையில் உண்ணும் சிறு வட்டம். பேச விரும்பினால் பேசலாம், விரும்பாவிடில் மௌனமாக எழலாம். இத்தகைய சிறு குழுக்கள்தாம் உள்ளொடுங்கிய மனிதருக்கு அயல்நாட்டில் துணை. இந்திய மாணவர்களுக்கும் அங்கே 'மஜ்லிஸ்' என்னும் சங்கம் 1896 முதல் இருந்தது. அரசியல் வாதங்களுக்குப் பெயர் பெற்ற அச்சங்கத்தில், தாய்நாட்டு முகங்களைக் காணும் ஆறுதலும் கிடைத்தது.

இன்னோர் அறை

இந்த இடத்தில் மற்றொரு தென்னாட்டவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ அதே வயதினர், 1887 டிசம்பரில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1914 மார்ச் 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரியை அடைந்தார். அவரும் கூச்ச இயல்பினர். அவரும் புலால் மறுத்தவர். கல்லூரி உணவகத்தை நம்பாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவர் சென்ற ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

குளிர்காலத்தில் அவரைக் காணச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியையும் சால்வையையும் போர்த்து உறங்கும் நண்பரைக் கண்டார். கட்டிலில் மடித்துச் செருகப்பட்டிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார். வேறொரு நாள் விருந்தினரை அழைத்துத் தம் கையால் இரசம் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது அவர்கள் வேண்டாமென்றனர். அவர் சொல்லாமலே வெளியேறினார். சில நாள்களுக்குப் பின் ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டு அவர் அனுப்பிய தந்தி நண்பருக்குக் கிடைத்தது. இச்செய்திகளை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். நாம் இவற்றில் வேடிக்கையைக் காணவில்லை. கேட்கக் கூசிய ஒரு மனிதர் குளிரில் நடுங்கினார். மறுப்பைத் தாங்காத ஒரு மனிதர் ஊரை விட்டே சென்றார். 1917-இல் நோயுற்று மருத்துவமனைகளில் தங்கினார்; 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்; 1919-இல் தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் மறைந்தார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது நம் நோக்கம் அன்று. ஒருவர் முப்பத்தேழு வயதில், ஏற்கெனவே புகழ் பெற்ற பேராசிரியராகச் சென்றார். மற்றவர் இருபத்தாறு வயதில், பட்டம் பெறாத எழுத்தராகச் சென்றார். காலமும் வேறு. ஆனால் ஒன்று தெளிவாகிறது. இருவருக்கும் தனிமை இயல்பு. இருவரும் ஊர் வழக்கத்தை விடாதவர். ஒருவருக்குத் தனிமையோடு ஒரு மேசையும் சிறு வட்டமும் கிடைத்தன. மற்றவருக்கு ஹார்டியின் நட்பும் ஒரு சில இந்தியத் தோழரும் இருந்தும், அன்றாட வாழ்வில் கவனித்துக் கேட்கும் ஆள் போதவில்லை. தனிமை ஒருவரைக் கொல்வதில்லை; தனிமையில் அவரை யாரும் எட்டிப் பார்க்காமையே கொல்கிறது.

மாஸ்கோவில் ஒரு துறவி

1949-இல் ராதாகிருஷ்ணன் சோவியத் நாட்டிற்கு இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். ஆக்ஸ்போர்டுப் பதவியையும் அவர் விடவில்லை. ஆண்டின் ஒரு பகுதியை அங்கே கழித்தார். விருந்தும் வரவேற்பும் தூதர் வாழ்வின் அன்றாட வேலை என்பர். விருந்தில் ஈடுபாடற்ற, புலால் உண்ணாத, கட்டிலில் அமர்ந்து மறைநூல்களை மொழிபெயர்க்கும் ஒரு தூதர் மாஸ்கோவுக்கு விந்தையாகத் தோன்றினார். அவருடைய 'தம்மபதம்' 1950-இலும் முதன்மை உபநிடதங்களின் பெருந்தொகுப்பு 1953-இலும் வெளிவந்தன என்பதை நோக்கினால், அந்த ஆண்டுகளின் இரவுகள் எவ்வாறு கழிந்தன என்பதை உணரலாம்.

அவருக்கு முன் தூதராயிருந்த விஜயலட்சுமி பண்டிட்டைச் சந்திக்காத ஸ்டாலின், 1950 சனவரியில் இந்த மெய்யியலாரைச் சந்திக்க இசைந்தார். கலிங்கப் போருக்குப் பின் வாளைத் துறந்த அசோகனின் வரலாற்றை அவர் ஸ்டாலினுக்கு நினைவூட்டினார் என்றும், தாமும் இளமையில் குருமடத்தில் பயின்றவர் என்று ஸ்டாலின் விடையளித்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1952 ஏப்ரலில் விடைபெறச் சென்றபோது அவர் ஸ்டாலினின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார் என்பது பலரறிந்த செய்தி. கூட்டத்தில் கூசுகிறவர்கள் நேருக்கு நேர் ஒரு மனிதரைச் சந்திக்கும்போது பெரும்பாலும் கூசுவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே மொழி உள்ளத்திலிருந்து பேசுவது. இரு நாட்டு உறவு அக்காலத்தில் மெல்லக் கனியத் தொடங்கியது. 1951-இல் பஞ்சம் வாட்டிய இந்தியாவுக்குச் சோவியத் கோதுமையும் வந்தது.

அடுத்து அமர்ந்தவர்

1952-இல் அவர் குடியரசுத் துணைத் தலைவரானார். ஆக்ஸ்போர்டில் அவருக்குப்பின் அதே பதவியில் அமர்ந்தவர் இராபர்ட் சார்லஸ் சேனர். இவர் 1946-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். எல்லாச் சமயங்களின் ஆழ்ந்த அனுபவமும் இறுதியில் ஒன்றே என்ற கருத்தை சேனர் ஏற்கவில்லை. அன்பு செய்யும் இறைவனோடு ஒன்றிப்பதும், தன்னுள் தானே அடங்குவதும் வேறு வேறு என்று 1957-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார்.

இந்தக் கருத்து வேறுபாட்டை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. தனியறையில் நீண்ட காலம் வாழ்பவருக்கு, தொலைவிலிருந்து பார்க்கும்போது எல்லா மலைகளும் ஒரே நீலமாகத் தோன்றக்கூடும். அருகே சென்றால் ஒவ்வொரு மலைக்கும் தனிப் பாதை, தனிப் படிகள். சேனரின் எதிர்ப்பில் நம் விசுவாசத்தின் நியாயம் இருக்கிறது. எனினும், அந்த மலைகளை நோக்கி ஆக்ஸ்போர்டின் கண்களைத் திருப்பியவர் தணிகையிலிருந்து சென்ற மனிதரே. அவர் அப்பதவிக்கு அளித்த பெருமையில்லாமல் சேனரின் கேள்விக்கும் அரங்கம் கிடைத்திராது.

பம்பாய், 1964

1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல், 38-ஆம் அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்காகப் பம்பாய்க்கு வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் திருத்தந்தை அவர். அப்போது குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். டிசம்பர் 3-ஆம் நாள் பிற சமயத்தாருடன் நிகழ்ந்த சந்திப்பில், பொய்ம்மையிலிருந்து மெய்ம்மைக்கு நடத்தும்படி வேண்டும் உபநிடதச் செபத்தைத் திருத்தந்தை எடுத்தாண்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைபரப்புப் பள்ளி மாணவர் ஒருவரைப் புண்படுத்திய சொற்களுக்கு, திருச்சபையின் மிக உயர்ந்த இருக்கையிலிருந்து மருந்து வந்தது என்றே நாம் இதைக் கருதுகிறோம்.

1967-இல் பதவிக் காலம் முடிந்து அவர் மயிலாப்பூரில் தம் 'கிரிஜா' இல்லத்திற்குத் திரும்பினார். மீண்டும் ஓர் அறை, ஒரு கட்டில், நூல்கள். 1973-இல் அன்னை தெரேசாவுக்கும், 1974-இல் தெய்சே குழுமத்தின் சகோதரர் ரோஜருக்கும் வழங்கப்பட்ட டெம்பிள்டன் பரிசு 1975-இல் அவருக்கு அளிக்கப்பட்டது. பரிசுத் தொகையை அவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மறைந்தார்.

நம் வீட்டுப் பயணிகள்

இன்று நம் பங்குகளில் அயல்நாட்டிற்கு ஒருவரை அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. வளைகுடாவில், சிங்கப்பூரில், ஐரோப்பாவில் நம் பிள்ளைகள் தனியறைகளில் வாழ்கிறார்கள். அவர்களிடம் நாம் தொலைபேசியில் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: சாப்பிட்டாயா? பணம் அனுப்பினாயா? நண்பர் யார், ஞாயிறன்று எங்கே செல்கிறாய், என்ன படிக்கிறாய், இரவில் உறக்கம் வருகிறதா என்று நாம் கேட்பதில்லை. கலகலப்பாகப் பேசும் பிள்ளை தன் குறையைத் தானே சொல்லிவிடும். கூச்ச இயல்புள்ள பிள்ளையோ கம்பளிக்கு மேலே படுத்து நடுங்கினாலும் சொல்லாது.

அத்தகையவரைக் கூட்டத்தில் தள்ளிக் கலகலப்பாக்க முயல்வது வீண். ராதாகிருஷ்ணனின் வாழ்வு காட்டுவது வேறு வழி. ஊரிலிருந்து கொண்டு சென்ற சில எளிய பழக்கங்கள் நாளுக்கு ஒரு முதுகெலும்பாக வேண்டும். உண்மையான வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். பேசாமல் அமர்ந்தாலும் தவறாக எண்ணாத ஒரு சிறு மேசை வேண்டும். வெள்ளிக்கிழமைத் தமிழ்த் திருப்பலிக்குப் பின் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் பத்துப் பேர் அந்த மேசையாகலாம். அவர்களுள் ஒருவர், மூன்று வாரமாக வராத அமைதியான இளைஞரின் அறைக் கதவைத் தட்டினால் அதுவே பெரிய திருப்பணி.

கதவை அடைத்துக்கொண்டு மறைவில் இறைவனோடு உறவாடச் சொன்ன ஆண்டவர், இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் தாம் இருப்பதாகவும் வாக்களித்தார். அடைத்த கதவும் சிறு கூட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அயலூரில் வாழும் அமைதியான உள்ளங்களுக்கு இரண்டும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது, ஊரில் இருக்கும் நம் கடமை.